அளவையும் மெய்ம்மையும்: மணிமேகலையின் அளவையியலில் முற்றுண்மை பற்றிய வினா

முன்னுரை

காலம், இடம், காண்போர் ஆகியவற்றால் மாறாத முற்றுண்மை ஒன்று உண்டா, உண்டெனில் அதனை மாந்தர் அறிய இயலுமா என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. இக்கால உரையாடல்களில் இவ்வினாவிற்கு இரு விரைவான விடைகள் வழங்குகின்றன. அறியும் வழிகள் பலவாதலின் உண்மையும் பல என்பது ஒன்று. உண்மை ஒன்றே; அது தம்மிடம் உள்ளது என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் ஒரே பிழையின் இரு முகங்கள். பொருளின் உண்மை பற்றிய வினாவையும் அதனை அறியும் தகுதி பற்றிய வினாவையும் அவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

இவ்விரண்டையும் பிரித்துக் காணும் முறை தமிழில் மணிமேகலைக் காப்பியத்திலேயே அமைந்துள்ளது. சீத்தலைச் சாத்தனாரின் இக்காப்பியம் 30 காதைகளைக் கொண்டது. உ.வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டு இதனைப் பதிப்பித்தார். இதன் 27ஆவது காதையான சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையும், 29ஆவது காதையான தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதையும், 30ஆவது காதையான பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதையும் அளவையியல் செய்திகள் நிறைந்தவை. இவற்றுள் 29ஆவது காதை காப்பியத்தின் காலத்தை வரையறுக்கும் சான்றாகவே பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் 1928ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இக்காதை திக்நாகருக்கு முற்பட்டது என்று வாதிட்டார். சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு இதற்குள்ள நெருக்கத்தைக் கொண்டு பிறர் அதனை மறுத்தனர். இக்காலக் கணிப்பு விவாதத்தின் நிழலில், காதைகள் முன்வைக்கும் வாதம் போதிய கவனம் பெறவில்லை. முற்றுண்மை பற்றிய வினாவிற்கு அக்காதைகள் தரும் விடையினை வெளிக்கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்மை, மெய், வாய்மை

வினாவின் சொற்களை முதலில் தெளிவுபடுத்துதல் வேண்டும். இன்றைய வழக்கில் உண்மை, மெய்ம்மை, வாய்மை ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒருபொருட் சொற்களாக வழங்குகின்றன. பழைய நூல்களில் இவற்றின் எல்லைகள் வேறு. ‘உண்மை’ என்பது ‘உள்’ என்னும் அடியிற் பிறந்து, ஒரு பொருள் உளதாந் தன்மையைக் குறித்தது; அதன் எதிர்ச்சொல் ‘இன்மை’. மணிமேகலையின் 30ஆவது காதை வழக்குகளை வகைப்படுத்துமிடத்து உண்மை வழக்கு, இன்மை வழக்கு என்று கூறுவது இப்பொருளிலேயே ஆகும். ‘வாய்மை’ சொல்லின் அறத்தைச் சார்ந்தது. திருக்குறளின் வாய்மை அதிகாரம் அதனைத் தீங்கு பயவாத சொல்லோடு இணைத்து வரையறுக்கிறது. ‘மெய்’ அறிவைச் சார்ந்தது. மெய்யுணர்தல் என்னும் அதிகாரத்திற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் ஐயமும் திரிபும் நீங்கிய அறிவையே முன்னிறுத்துகிறது.

ஆகவே பொருள் உளதாதல், அதனைப் பிழையற உணர்தல், உணர்ந்ததைச் சொல்லுதல் என்னும் மூன்று நிலைகளுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருந்துள்ளன. முற்றுண்மை பற்றிய வினா முதல் இரண்டு நிலைகளுக்கும் உரியது. பொருள் உளதா என்பது ஒரு வினா. அதனைப் பற்றிய அறிவு மெய்யறிவா என்பது மற்றொரு வினா. முன்னதற்கு ‘ஆம்’ என்னும் விடை கிடைத்தாலும் பின்னதற்கு அவ்விடை தானே கிடைத்துவிடாது.

அளவைவாதி கூறும் எண்வகைக் குற்றம்

வஞ்சி மாநகரில் மாதவன் வடிவங்கொண்ட மணிமேகலை முதலில் அணுகுவது அளவைவாதியை. பிற சமயங்களின் பொருட்கொள்கைகளைக் கேட்பதற்கு முன்னர் அறிவின் அளவுகோல்களைக் கேட்பதாகக் காப்பியம் அமைந்திருப்பது கருதத்தக்கது. அளவைவாதி வேதவியாசன், கிருதகோடி, சைமினி ஆகியோர் முறையே 10, 8, 6 அளவைகளைக் கொண்டனர் என்கிறான். காட்சி, கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம், மீட்சியால் ஒழிவறிதல், எய்தியுண்டாநெறி என்பன அப்பத்து. இவற்றையடுத்து அளவையின் குற்றங்களாக எட்டினை அவன் கூறுகிறான்: சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு.

இவ்வெட்டினையும் ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலப்படும். இவை அனைத்தும் பொய்யறிவுகள் அல்ல. இப்பியை வெள்ளியாகக் கொள்ளும் திரியக்கோடலும், ஆராயாமல் தறியை மகனெனத் துணியும் தேராது தெளிதலும் பொய்யறிவுகள். முயற்கொம்பு போன்ற இல்லாப் பொருளைச் சொல்லளவில் கருத்திற் கொள்ளும் இல்வழக்கும் அவ்வாறே. தறியோ மகனோ என்று ஊசலாடும் ஐயம் பொய்யுமன்று, மெய்யுமன்று. ஒரு பொருள் உளது என்ற அளவில் மட்டும் கண்டு, இன்னதென அறியாத சுட்டுணர்வில் பொய் ஏதுமில்லை. குறைவு மட்டுமே உண்டு. புலி அணுகுதலைக் கண்டும் அதனை உணராமை அறிவின் இன்மை. பனிக்குத் தீ மருந்தென முன்னரே அறிந்ததை மீண்டும் நினைத்தலாகிய உணர்ந்ததை உணர்தலோ முழுவதும் மெய்யானது. எனினும் புதிதாக எதனையும் அறிவியாமையின் அதுவும் குற்றமாக எண்ணப்பட்டது.

இதிலிருந்து பெறப்படும் கருத்து இன்றியமையாதது. ஒரு கருத்து மெய்யாக அமைந்துவிடுவதனாலேயே அது மெய்யறிவு ஆகிவிடாது. கருத்தின் மெய்ம்மை வேறு. அதனை அடைந்த வழியின் தகுதி வேறு.

தாய் தந்தை என்னும் எடுத்துக்காட்டு

இவ்வேறுபாட்டினை மேலும் தெளிவாக்குவது 27ஆவது காதையில் இருமுறை வரும் ஒரே எடுத்துக்காட்டு. எண்வகைக் குற்றங்களுள் இறுதியாகிய நினைப்பினை விளக்கும் அளவைவாதி, காரணம் ஏதுமின்றிப் பிறர் கூறியதைக் கொண்டு இவர் தாய், இவர் தந்தை எனக் கருதுதலை எடுத்துக்காட்டுகிறான். இங்குத் தாய் தந்தையர் பற்றிய எண்ணம் குற்றமுடைய அறிவாகிறது.

அதே காதையின் இறுதியில் பூதவாதி பேசுகிறான். கண்கூடாகக் காண்பதன்றிக் கருத்தளவையை அவன் ஏற்பதில்லை, மறுபிறப்பையும் மறுக்கிறான். பழம்பிறப்பை உணர்ந்தோர் உளர் என்று கூறப்பட்டபோது, அது தெய்வ மயக்கினாலும் கனவினாலும் உண்டாகும் மயக்கமே என்கிறான். மணிமேகலையின் மறுமொழி ஒரு வினாவாக அமைகிறது: அனுமானத்தால் அன்றித் தன் தாய் தந்தையரை அவன் எவ்வாறு அறிவான்? இங்கு அதே எண்ணம் கருத்தளவையால் நிலைபெறும் அறிவுக்குச் சான்றாகிறது.

இஃது ஆசிரியரின் முரண்பாடு அன்று. நினைப்பின் விளக்கத்தில் காரணம் இன்மையே குற்றத்தின் வேராகச் சுட்டப்படுகிறது. பூதவாதிக்குத் தரப்பட்ட மறுமொழியில் அவ்வெண்ணம் அனுமானத்தால், அதாவது ஏதுவைக் கொண்டு, அடையப்படுகிறது. ‘இவர் என் தாய்’ என்னும் கூற்று இரண்டிடத்தும் ஒன்றே. அதன் மெய்ம்மையும் கூறுவோரைச் சாராதது. அவர் ஒருவனுக்குத் தாயாக இருத்தல் அவன் அதனை அறிந்த வழியால் மாறுவதில்லை. மாறுவது அவன் அறிவின் தகுதியே. வழிகள் பலவாதலின் உண்மையும் பல என்னும் வாதம் இவ்விடத்தில் தடைப்படுகிறது. உண்மை ஒன்றாதலின் அதனைக் கூறுவோர் யாவரும் அறிந்தோரே என்னும் வாதமும் இங்கேயே தடைப்படுகிறது.

மணிமேகலையின் மறுமொழிக்கு ஓர் எல்லையும் உண்டு. பழம்பிறப்பு உண்டென அது நிறுவவில்லை. காட்சி ஒன்றே அளவை என்னும் கொள்கை, அதனைக் கொண்டவனின் அன்றாட அறிவையே நிலைகுலையச் செய்யும் என்பதை மட்டுமே காட்டுகிறது. எதிர்வாதியின் மறுப்பு வீழ்வதனால் தன் கோட்பாடு நிலைபெற்றுவிடாது. அதற்கான வேலை 29ஆவது காதைக்கு உரியது.

அறவண அடிகள்: சுட்டுணர்வின் இடமாற்றம்

கச்சி நகரில் அறவண அடிகள் உரைக்கும் பௌத்த அளவையியலில் அளவைகள் இரண்டே: பிரத்தியக்கம், அனுமானம். ஏனையவை அனுமானத்துள் அடங்கும். பிரத்தியக்கமாவது சுட்டுணர்வு என்றும், பெயர், சாதி, குணம், கிரியை ஆகியன அதனினின்று விலக்கப்பட்டன என்றும் இக்காதை வரையறுக்கிறது.

27ஆவது காதையில் அளவைவாதி குற்றங்களின் வரிசையில் முதலாவதாக வைத்த சுட்டுணர்வே இங்குக் காட்சியின் இலக்கணமாகிறது. வைதிக அளவைவாதிக்குப் பொருள் உளது என்ற அளவில் நிற்கும் அறிவு முழுமையடையாத அறிவு. இன்னதென்று பெயரிட்டு வகைப்படுத்தும்போதே அது முழுமை பெறும். பௌத்த அளவையியலாருக்குப் பெயரும் வகையும் உள்ளத்தின் சேர்ப்புகள். அவை சேரும் முன்னர் உள்ள அறிவே பிழையற்றது. ஒரே சொல் ஒரு நெறியில் குறைபாட்டின் பெயராகவும் மற்றொரு நெறியில் தூய்மையின் பெயராகவும் நிற்பது, முற்றுண்மை பற்றிய விவாதத்தின் மையத்தைத் தொடுகிறது. சொல்லால் வகைப்படுத்தப்பட்டதே முழு அறிவு என்று கொள்ளின், முற்றுண்மை சொல்லப்படத்தக்கதாக இருத்தல் வேண்டும். சொல்லுக்கு முற்பட்டதே தூய அறிவு என்று கொள்ளின், சொல்லப்பட்ட எதுவும் முற்றுண்மையின் நேர்க்காட்சி ஆகாது. அதனைச் சுட்டும் கருவியாகவே அமையும்.

30ஆவது காதை கூறும் தொடர்ச்சி வழக்கு இதனோடு ஒத்துச் செல்கிறது. வித்து, முளை, தாள் என்று தொடரும் நிகழ்ச்சியை நெல் என ஒரு பெயரால் வழங்குகிறோம். அவ்வழக்கு பொய்யன்று; உழவுக்கும் வாணிகத்துக்கும் அது போதும். ஆயினும் அப்பெயர் சுட்டும் மாறாத தனிப்பொருள் ஒன்று வித்திலிருந்து தாள் வரை நிலைத்து நிற்பதாகக் கொள்ளின் அது பிழை. வழக்கின் உண்மைக்கும் பொருளின் உண்மைக்கும் உள்ள இடைவெளி இங்கு வரையறுக்கப்படுகிறது.

கழுதையும் கணிகையும்: அனுமானத்தின் எல்லை

காட்சி சொல்லற்றதாயின், உரைக்கத்தக்க பொதுவுண்மை முழுவதும் அனுமானத்தின் மீதே நிற்கும். ஆதலின் அனுமானத்தின் உறுதியை இக்காதை கடுமையாகச் சோதிக்கிறது. காரணம், காரியம், சாமானியம் என்னும் மூவகைக் கருத்தளவையுள் ஏனைய பிழைபடுதலும் உண்டு. புகையைக் கொண்டு நெருப்பை அறிவது போலக் காரியத்திலிருந்து காரணத்தை அறிவதே பிழையாதது எனப்படுகிறது. மலை நெருப்புடையது, புகையுடைமையால், அடுக்களை போல் என்பது வடிவம். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்துறுப்புகளுள் இறுதி இரண்டும் திட்டாந்தத்தில் அடங்கும்.

புகையும் நெருப்பும் இணைந்திருத்தலை எவ்வாறு உறுதி செய்வது? இரண்டையும் ஓரிடத்துச் சேரக் கண்டமை போதுமெனின், கழுதையையும் கணிகையையும் ஒருகால் ஓரிடத்துச் சேரக் கண்டவன், பின்னர்க் கழுதையைக் கண்ட இடமெல்லாம் கணிகையையும் அனுமிக்க வேண்டியதாகும். இரண்டும் சேர இல்லாமையைக் கண்டமை போதுமெனின், கழுதையின் பிடரியில் நாய்வாலும் நரிவாலும் இல்லாமையைக் கண்டவன், வேறோரிடத்தில் நரிவாலைக் கண்டு நாய்வாலை அனுமிக்க வேண்டியதாகும். நகைச்சுவை கலந்த இவ்வெடுத்துக்காட்டுகள் அடிப்படையான ஓர் இடரை முன்வைக்கின்றன. உடனிகழ்ச்சியைக் காண்பதும் உடனின்மையைக் காண்பதும் தம்மளவில் பொதுநியதியை நிறுவமாட்டா. காணப்பட்ட சிலவற்றிலிருந்து காணப்படாத அனைத்துக்கும் செல்லும் பாதை, பொருள்களுக்கிடையே மெய்யான காரணத் தொடர்பு இருந்தாலன்றித் திறப்பதில்லை.

இவ்விடர் உண்மையின் இருப்பை மறுப்பதன்று. மாறாக, பொருள்களுக்கிடையே அறிவோரைச் சாராத தொடர்பு ஒன்று இருப்பதாலேயே சில அனுமானங்கள் பிழைக்கின்றன, சில பிழையாதிருக்கின்றன என்னும் துணிபே இதன் அடியில் உள்ளது. பிழை என்பதற்குப் பொருள் இருக்க வேண்டுமெனின் உண்மை என்பதற்கும் பொருள் இருத்தல் வேண்டும்.

தன்மொழி முரண்

29ஆவது காதை பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என 33 போலிகளை விரித்துரைக்கிறது. பக்கப்போலிகளுள் ஒன்றான சுவசன விருத்தம், ஒருவன் தன் சொல்லாலேயே முரண்படுதல். தன் தாய் மலடி என்று ஒருவன் கூறுவதே அதற்கு எடுத்துக்காட்டு. தாய் பற்றிய அறிவு 27ஆவது காதையில் குற்றத்திற்கும் அனுமானத்திற்கும் சான்றாகியது போல, இங்குத் தாய் பற்றிய கூற்று முரணுக்குச் சான்றாகிறது.

முற்றுண்மை எதுவும் இல்லை என்னும் கூற்றினை இவ்வளவுகோலால் அளக்கலாம். அக்கூற்றே முற்றுண்மையாக உரைக்கப்படின், அது தன்னைத் தானே மறுக்கிறது. ஒருவரின் பார்வையாக மட்டும் உரைக்கப்படின், பிறரை மறுக்கும் வலிமை அதற்கில்லை. ஆயினும் இம்முரணைக் காட்டுவதால் பெறப்படுவது சிறிதே. மறுப்பு நிலைபெறாது என்பதே பெறப்படும். எந்தச் சமயத்தின் பொருள் மெய்ப்பொருள் என்பது பெறப்படாது. இவ்விடைவெளியை மறைத்துத் தம் கோட்பாட்டை நுழைப்போர்க்கு எதிராகவும் அதே போலிப் பட்டியல் நிற்கிறது. சாங்கியனை நோக்கிப் பௌத்தன் சத்தம் அழியும் என்றால் அது அப்பிரசித்த விசேடணம் என்னும் போலியாம். அழிவின்மையை உடன்படும் எதிர்வாதிக்கு அழிதல் என்னும் அடையே ஏற்புடையதன்று. பௌத்தக் காப்பியம் பௌத்தனின் வாதத்தையே போலிக்கு எடுத்துக்காட்டாக வைத்துள்ளது என்பதே இவ்வளவையியலின் நேர்மைக்குச் சான்று.

நால்வகை விடை

30ஆவது காதை வினாக்களுக்கு விடையிறுக்கும் முறைகளை நான்காக வகுக்கிறது: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. தோன்றியது கெடுமோ என்னும் வினாவிற்குக் கெடும் எனத் துணிந்து சொல்லலாம். செத்தவன் பிறப்பானோ என்னும் வினாவிற்குப் பற்று அற்றவனா, அல்லனா எனக் கூறிட்டே விடையளிக்க வேண்டும். முட்டை முந்தியதா பனை முந்தியதா என்பார்க்கு எந்த முட்டைக்கு எந்தப் பனை என எதிர்வினா எழுப்ப வேண்டும். ஆகாயப்பூ பழையதோ புதியதோ என்பார்க்கு வாய் திறவாமையே விடை.

முற்றுண்மை பற்றிய வினாவை இந்நான்கினுள் வைத்து நோக்கின் அதன் உறுப்புகள் தனித்தனியே பிரிகின்றன. மாறாத பொதுவுண்மை உண்டா என்பதற்கு இக்காப்பியம் துணிந்தே சொல்கிறது. தோன்றியது கெடும் என்பது அதற்கு விலக்கில்லா உண்மை. அதனை அறிய இயலுமா என்பது கூறிட்டு மொழியத்தக்கது. அறிபவர் யார், எவ்வளவையால், எக்குற்றம் நீங்கியவர் என்பவற்றைப் பொறுத்தே விடை அமையும். உண்மை முந்தியதா, அளவை முந்தியதா என்பது எதிர்வினாவால் விடுக்கத்தக்கது. எவ்வளவைக்கும் தொடர்பின்றிப் புனைந்து கொள்ளப்பட்ட ஒன்றைப் பற்றிய வினாவிற்கு வாய்வாளாமையே விடை. இம்மௌனம் அறியாமையுமன்று, ஐயவாதமுமன்று. வினாவே இல்பொருளை முன்னிறுத்துகிறது என்னும் தெளிவின் விளைவு.

சமண, சைவ நெறிகளோடு ஒப்பீடு

இப்பிரிப்பு பௌத்தத்திற்கு மட்டும் உரியதன்று. குண்டலகேசிக்கு எதிராக எழுந்த நீலகேசி, பொருள் பல இயல்புகளை உடையது என்னும் அநேகாந்தக் கொள்கையினது. இக்கொள்கை எல்லாக் கருத்துகளும் நிகரான உண்மைகள் என்று கூறுவதாக இன்று பொருள்கொள்ளப்படுவதுண்டு. நூலின் அமைப்பே அதனை மறுக்கிறது. எல்லாம் நிகரெனில் பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம் ஆகியவற்றைச் சருக்கந்தோறும் மறுக்க வேண்டிய தேவை நீலகேசிக்கு எழாது. பன்முகம் பொருளின் இயல்பு. ஒருமுகத்தையே முழுமை எனல் அறிவின் குற்றம். முழுமையை அறியும் கேவல ஞானத்தையும் சமணம் உடன்படுகிறது.

13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவையோடு தொடங்குகிறது. பல அளவைகளும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கப்படுகின்றன. மணிமேகலை காட்சியினின்று விலக்கிய பெயர், சாதி, குணம், கன்மம் ஆகியவற்றோடு பொருளையும் சேர்த்துச் சவிகற்பக் காட்சிக்கு உரியனவாகச் சித்தியார் கொள்கிறது. இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி எனக் காட்சி நால்வகைப்படுகிறது. மலம் உயிரின் அறிவை மறைத்து நிற்பதால், மெய்ப்பொருளை அறிய அருளும் ஆகமமும் வேண்டப்படுகின்றன. பௌத்தம் அனுமானத்துள் அடக்கியதைச் சைவம் உரையளவையாக உயர்த்துகிறது. மெய்ப்பொருள் உண்டு என்பதில் மூன்று நெறிகளும் ஐயுறவில்லை. அதனைச் சென்றடையும் வழியிலும் வழியின் தடையிலுமே வேறுபடுகின்றன.

முடிவுரை

மணிமேகலையின் அளவைக் காதைகள் முற்றுண்மை பற்றிய வினாவிற்கு ஒற்றை விடை தரவில்லை. வினாவைக் கூறுபடுத்தும் முறையைத் தருகின்றன. பொருளின் உண்மை அறிவோரைச் சாராதது. அறிவின் தகுதி, அதனை அடைந்த வழியையும் காரணத்தையும் சார்ந்தது. கருத்து மெய்யாக அமைந்தும் அறிவு குற்றமுடையதாகலாம் என்பதை எண்வகைக் குற்றங்களும், உடனிகழ்ச்சி பொதுநியதி ஆகாது என்பதைக் கழுதை, கணிகை எடுத்துக்காட்டும், உண்மையை முற்றாக மறுப்பது தன்மொழி முரண் என்பதைச் சுவசன விருத்தமும் உணர்த்துகின்றன.

இக்காதைகளைச் சமயப் பட்டியலாகவும் காலச் சான்றாகவும் மட்டும் பயிலும்போது இவ்வாதம் கண்ணிற்படாது போகிறது. கண்டுணராமையும் அளவைக் குற்றங்களுள் ஒன்றாக அக்காதையிலேயே எண்ணப்பட்டுள்ளது. பௌத்த, சமண, சைவ அளவையியல் கலைச்சொற்களை ஒருசேர ஒப்பிட்டு, சுட்டுணர்வு போன்ற சொற்கள் நெறிதோறும் ஏற்ற பொருள்மாற்றங்களைத் தொகுத்துக் காணும் ஆய்வு இத்துறையில் அடுத்து நிகழ வேண்டிய பணியாகும்.